தலைக்குள் உருளும் துணுக்கு

டிரைவர் என்பது கோல்ஃப் பந்தை வெகுதூரம் அடிக்க எடுக்கும், பெரிய உள்ளீடற்ற தலை கொண்ட மட்டை. பழைய டிரைவரின் தலைக்குள் ஏதோ உருள்கிறது என்று கோல்ஃப் ஆடும் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "உள்ளே கொஞ்சம் பசையை விட்டுவிடு, அடங்கிவிடும்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அடங்கும், மறுக்கவில்லை. ஆனால் சத்தம் அடங்குவது வேறு, கோளாறு தீர்வது வேறு. உள்ளே உருள்வது என்ன, அது எங்கிருந்து பெயர்ந்தது என்று தெரிந்துகொள்ளாமலேயே அதன் வாயைக் கட்டிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெயர்ந்து விழுந்தது வெறும் பசைத் துணுக்காகவும் இருக்கலாம், முகப்புத் தகட்டைத் தாங்கும் வெல்டிங்கின் ஓரமாகவும் இருக்கலாம். இரண்டும் வெளியே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கிலுகிலுக்கும்.

நான் புதிய மட்டை வாங்குவதில்லை. யாரோ ஒருவர் ஆசையாக வாங்கி, அடுத்த மாடல் வந்ததும் கைவிட்ட மட்டைகளே எனக்குப் போதும். இப்போது என்னிடம் இருக்கும் டிரைவரும் அப்படி வந்ததுதான். முழு டைட்டானியத் தலை, விதி அனுமதிக்கும் உச்ச அளவான 460 கன சென்டிமீட்டர். ஷாஃப்ட் என்கிற நீண்ட தண்டைக் கழற்றி மாட்டும் திருகு வசதியெல்லாம் கிடையாது. ஹோசல் என்கிற கழுத்துக்குள் எபாக்ஸி பசையால் நேராக ஒட்டப்பட்ட பழைய பாணி. அடித்தால் நன்றாகத்தான் போகிறது. பையிலிருந்து உருவும்போதும், பந்துக்குப் பின்னால் நின்று மணிக்கட்டைத் தளர்த்தி ஆட்டும்போதும் மட்டும் உள்ளே ஏதோ ஓடும். கூட ஆடும் பெரியவர் ஒருவர், நான் மட்டையை எடுக்கும்போதெல்லாம் சிரிப்பார். "என்னப்பா, இந்தக் கிலுகிலுப்பையை இன்னும் எத்தனை நாள் ஆட்டிக்கொண்டிருப்பாய்? எனக்கே தூக்கம் வருகிறது" என்று ஒரு நாள் சொல்லியும்விட்டார். "கொஞ்சம் பொறுங்கள் ஐயா, என்னவென்று பார்த்துவிட்டுத்தான் அதை அடக்குவேன்" என்றேன்.

பொறுமையாகக் கேட்டதில் ஒரு விஷயம் பிடிபட்டது. உள்ளே இருந்தது ஒரு சத்தம் அல்ல, இரண்டு. ஒன்று வறண்ட, கூர்மையான 'டிக் டிக்'. எந்த நேரத்திலும் கேட்கும். இன்னொன்று மந்தமான 'தொப்'. குளிர்ந்த காலை வேளைகளில் மட்டும் கேட்கும், வெயில் ஏறியதும் காணாமல் போய்விடும். இந்த இரண்டாவது சத்தம் எனக்குப் பெரிய துப்பு. வெயிலுக்கு இளகி ஒட்டிக்கொள்வதும் குளிருக்கு இறுகி விடுபடுவதும் உலோகத்தின் குணமல்ல. சூட்டில் உருகி ஆறியதும் இறுகும் ஹாட் மெல்ட் வகைப் பசையின் குணம். டிரைவர் தலைகளுக்குள் தொழிற்சாலையிலேயே அப்படி ஒரு பிசுபிசுப்பான பசையைச் சிறிதளவு செலுத்துவது உண்டு. எடையைச் சரிக்கட்டவும், தயாரிப்பின்போது உள்ளே தங்கிவிட்ட துகள்களைப் பிடித்துவைக்கவும், பந்து படும் ஓசையைச் சற்று மட்டுப்படுத்தவும் அது உதவுகிறது. ஆண்டுகள் போகப் போக அதில் தூசு படிந்து பிசுபிசுப்புக் குறைகிறது. அப்புறம் பிடித்துவைக்க வேண்டியதே உருளத் தொடங்கிவிடுகிறது.

வறண்ட சத்தத்துக்குத்தான் உண்மையான விசாரணை தேவைப்பட்டது.

முதல் கேள்வி, சத்தம் தலையிலா, ஷாஃப்ட்டிலா, கிரிப் என்கிற கைப்பிடியிலா. இதைக் காதால் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. ஷாஃப்ட் ஒரு நீண்ட குழாய். ஒரு முனையில் எழும் ஓசை மறுமுனையில் கேட்கும். மட்டையைக் கிடையாகப் பிடித்து, ஒரு முனையை மிக மெதுவாக உயர்த்த வேண்டும். உள்ளே உள்ளது சரசரவென்று நீளமாக ஓடி வந்தால் அது ஷாஃப்ட்டுக்குள் இருக்கிறது. கிரிப்பின் நுனியில் இருக்கும் சிறு துளை வழியாக அதை வெளியேற்ற முயலலாம், அல்லது கிரிப்பைக் கழற்றும்போது அது தானாக விழும். ஓட்டமே இல்லாமல் 'டக்' என்று ஒரே இடத்தில் விழுந்தால் அது தலைக்குள். என்னுடையது தலைக்குள்தான். தலையை உள்ளங்கையில் ஏந்தி எல்லாப் பக்கமும் மெதுவாகச் சாய்த்துப் பார்த்தேன். கழுத்தை ஒட்டிய மூலையைக் கடக்கும்போது மட்டும் துணுக்கு ஒரு கணம் தயங்கி, எதையோ சுற்றிக்கொண்டு போனது. கழுத்துக் குழாயின் அடிமுனை தலைக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அதிலிருந்தே தெரிந்தது.

எவ்வளவு சிறிய பொருள் இவ்வளவு சத்தம் போடுகிறது என்பது ஆச்சரியமாக இருக்கலாம். டிரைவரின் தலை ஏறக்குறைய 200 கிராம்தான். அந்த எடையைக் கொண்டு 460 கன சென்டிமீட்டர் வெற்றிடத்தைச் சூழ வேண்டும் என்றால் சுவர்கள் எவ்வளவு மெல்லியவையாக இருக்க வேண்டும்! பந்து படும் முகப்பு மூன்று மில்லிமீட்டர் அளவில் இருக்கும். மேல் ஓடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. இப்படிப்பட்ட மெல்லிய கூட்டை எது தட்டினாலும் அது பெருக்கித்தான் ஒலிக்கும். ஐந்து மில்லிமீட்டர் விட்டமுள்ள எபாக்ஸி உருண்டை ஒன்றின் எடை 0.1 கிராம்கூட வராது. ஆனால் அதை உள்ளே போட்டு ஆட்டினால் ஏதோ திருகாணி கழன்றுவிட்டது போலத் தோன்றும். எனவே சத்தம் பெரிது என்பதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. சத்தம் சிறிது என்பதற்காக அலட்சியமும் கூடாது.

அடுத்து விரிசல். இந்தச் சோதனையைத் தாண்டிய பிறகே வேறு எதுவும். பந்து முகப்பில் ஒட்டியிருக்கும் நேரம் சுமார் அரை மில்லிவினாடி. அந்த நேரத்துக்குள் மெல்லிய தகடு உள்வாங்கி மீள்கிறது. ஆயிரக்கணக்கான முறை இப்படி வளைந்து நிமிர்ந்தால் உலோகம் களைத்துப்போகும். விரிசல் பெரும்பாலும் முகப்பின் ஓரங்களிலோ, முகப்பும் மேல் ஓடும் சேரும் வளைவிலோ தொடங்கும். தலையைக் கழுவித் துடைத்து, வெள்ளைச் சாக்பீஸ் தூளை முகப்பில் தேய்த்து மெல்லத் துடைத்தேன். விரிசல் இருந்தால் தூள் அதற்குள் தங்கி மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும். நகத்தை ஓரங்களில் ஓட்டிப் பார்த்தேன், எங்கும் தடுக்கவில்லை. பிறகு ஒரு நாணயத்தால் முகப்பு முழுக்கத் தட்டிக் கேட்டேன். நல்ல முகப்பு ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் சீராக மாறிக்கொண்டே ஒலிக்கும். விரிசல் விட்ட இடத்தில் திடீரென்று ஒரு கரகரப்பு சேர்ந்துகொள்ளும். என்னுடையதில் கரகரப்பு இல்லை. இருந்திருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். விரிசல் விட்ட டைட்டானியத் தலையை வீட்டில் சரிசெய்ய வழியில்லை. அதைத் தொடர்ந்து அடித்தால் ஒரு நாள் முகப்பு உள்ளே இடிந்துபோகும்.

துணுக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கான விடை வெளியிலேயே எழுதப்பட்டிருந்தது. கழுத்தும் ஷாஃப்ட்டும் சேரும் இடத்தில் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும்; ஃபெரூல் என்பார்கள். அதற்கு அலங்காரத்தைத் தவிரப் பெரிய வேலை இல்லை. ஆனால் அது நன்றாகச் சாட்சி சொல்லும். தொழிற்சாலையில் பொருத்திய ஃபெரூல் கழுத்தோடு வழுவழுப்பாகச் சேர்ந்திருக்கும். என் மட்டையில் இருந்தது விளிம்பில் மயிரிழை அளவு துருத்திக்கொண்டும், கீழே ஒரு சிறு இடைவெளியோடும் இருந்தது. ஷாஃப்ட்டும் அந்த மாடலுக்கு வழக்கமாக வருவதல்ல. ஆக, முந்தைய சொந்தக்காரர் ஷாஃப்ட்டை மாற்றியிருக்கிறார், அதுவும் வீட்டிலேயே, தாராளமாகப் பசை விட்டு. கழுத்தின் அடி திறந்திருக்கும் தலையில் பசையை அதிகமாக வைத்து ஷாஃப்ட்டை அழுத்தினால், மிச்சப் பசை இரண்டு வழிகளில் போகும்: ஷாஃப்ட்டின் உள்ளே மேல்நோக்கியும், கழுத்தின் அடியிலிருந்து தலைக்குள்ளும். தலைக்குள் வழிந்தது அங்கேயே உதடு மாதிரி உறைந்து நிற்கும். பல நூறு அடிகளுக்குப் பிறகு ஒரு நாள் ஒடிந்து விழும். என் ஊகம் இதுதான். சரியா என்று பார்க்க ஷாஃப்ட்டைக் கழற்றியாக வேண்டும்.

என் மட்டையில் இருந்தது கிராஃபைட் ஷாஃப்ட், அதாவது கார்பன் இழைகளால் ஆனது. அதைக் கழற்றுவது பதற்றம் தரும் வேலை. எஃகு ஷாஃப்ட் என்றால் கழுத்தைச் சூடாக்கி முறுக்கி எடுத்துவிடலாம். கிராஃபைட்டை முறுக்கினால் இழைகள் பிளந்துவிடும். அதையும் பிணைத்திருப்பது ஒருவகை எபாக்ஸிதான் என்பதால், கழுத்திலுள்ள பசை இளகும் சூட்டுக்கும் ஷாஃப்ட்டே பாழாகும் சூட்டுக்கும் இடையே இடைவெளி குறைவு. எனவே ஷாஃப்ட் புல்லர் என்ற கருவியில் மாட்டி, முறுக்காமல் நேர்கோட்டில் இழுக்க வேண்டும். கருவியை இரவல் வாங்கினேன். இதற்காகச் சொந்தமாக வாங்குவது அவசியமில்லை. தலைகளையும் ஷாஃப்ட்டுகளையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் பைத்தியம் பிடித்த நண்பர் ஒருவர் எல்லோருக்கும் இருப்பார். முதலில் ஃபெரூலைக் கத்தியால் கீறி எடுத்தேன். மேல் ஓட்டின் வண்ணப்பூச்சு கருகாமலிருக்க அதன்மேல் ஈரத் துணியைச் சுற்றினேன். ஹீட் கன்னைக் கழுத்தைச் சுற்றிலும் நகர்த்திக்கொண்டே, ஒரே இடத்தில் நிறுத்தாமல் சூடேற்றி, லேசான இழுவிசை கொடுத்துக்கொண்டே காத்திருந்தேன். இளகும்போது ஒரு சிறு 'பொக்' சத்தத்தோடு ஷாஃப்ட் நகரும். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள், சூடான எபாக்ஸியின் நாற்றம் நல்லதல்ல. மேல் ஓடு கார்பனால் ஆன தலையாக இருந்தால் இந்த வேலையை அனுபவப்பட்டவரிடம் விட்டுவிடுவதே மேல். அங்கே ஓடே பசையால்தான் ஒட்டப்பட்டிருக்கும்.

ஷாஃப்ட் வந்துவிட்டது, வழியும் திறந்துவிட்டது, துணுக்கு மட்டும் வரவில்லை. தலையைக் கவிழ்த்து எவ்வளவு குலுக்கினாலும் அது நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் முனையைச் சுற்றி வந்து மூலையில் பதுங்கியது. டிரைவர் ஷாஃப்ட்டின் நுனி பொதுவாக 0.335 அங்குலம், அதாவது எட்டரை மில்லிமீட்டர். துணுக்கு வெளியே வர வேண்டிய வாசலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். குலுக்குவதை விட்டுவிட்டு, தூசு உறிஞ்சியின் முனையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயைக் காற்றுப் புகாதபடி டேப்பால் சுற்றி ஒட்டினேன். இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டு நைலான் வலை. இல்லாவிட்டால் நம் சாட்சி தூசுப் பையோடு போய்விடும். குழாயைக் கழுத்து வழியாக உள்ளே விட்டு, தலையைச் சாய்த்துத் துணுக்கைக் குழாயின் பக்கம் வரவழைத்தேன். கொஞ்ச நேரம் கண்ணாமூச்சி காட்டியது. பிறகு குழாயின் வாயில் ஒட்டிக்கொண்டு, அப்படியே வெளியே வந்தது.

தேன் நிறத்தில், நகம் வெட்டி எறிந்தது போல வளைந்த எபாக்ஸி. உட்புற வளைவு ஷாஃப்ட் நுனியில் வைத்துப் பார்த்தால் அப்படியே பொருந்தியது. ஒரு பக்கம் மழமழப்பு, மறுபக்கம் ஒடிந்த சொரசொரப்பு. ஊகம் சரி. எடை போட்டேன்: 0.2 கிராம். தலையின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு! இதற்காகத்தான் இத்தனை பாடு.

வெளியே வந்தது உலோகமாக இருந்திருந்தால் கதை வேறு. டைட்டானியம் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் அது எஃகுத் திருகின் துண்டாக இருக்கலாம். ஒட்டாத, கனமான, கூரான உலோகத் துணுக்கு என்றால் வெல்டிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அந்தத் தலையை நான் மறுபடி அடிக்க மாட்டேன். இந்த வித்தியாசத்தை அறியவே முடியாமல் போவதுதான் கண்ணை மூடிக்கொண்டு பசை விடுவதில் உள்ள ஆபத்து.

ஆனால் பசைக்கு நான் விரோதி அல்ல. குளிர்ந்த நேரத்தில் 'தொப்' என்று விழும் இரண்டாவது ஆசாமி உள்ளேயே இருந்தான். கழுத்து வழியாகச் சிறு விளக்கை விட்டுப் பார்த்தபோது, சாம்பல் நிறத்தில் தூசு அப்பிய ஒரு கட்டி தெரிந்தது. அது வாசலைவிடப் பெரியது, கொக்கியால் இழுத்தால் நீண்டு அறுந்தது. இதற்குப் பசைதான் மருந்து. கைவினை வேலைகளுக்குப் பயன்படும் சாதாரண ஹாட் மெல்ட் குச்சியை மட்டும் தயவுசெய்து உருக்கி ஊற்றாதீர்கள். அது ஆறியதும் விறைத்துப்போகும். உட்புற உலோகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்யவும் வழியில்லை. அடியின் அதிர்ச்சியில் அது முழுக்கட்டியாகப் பெயர்ந்து, முன்பு இருந்ததைவிடப் பெரிய கிலுகிலுப்பாகிவிடும். ஆறிய பிறகும் பிசுபிசுப்பு மாறாத வகைதான் வேண்டும்; மட்டை பழுதுபார்ப்பவர்கள் 'ரேட் க்ளூ' (rat glue, எலிப் பசை) என்று அழைப்பது. பெயரைப் பார்த்தால் எலிப்பொறி அட்டையில் இருக்கும் பசை நினைவுக்கு வரும், குணமும் அதேதான்.

இரண்டு கிராம் எடுத்துக்கொண்டேன், அதற்கு மேல் இல்லை. மட்டையை வீசும்போது தலை கைக்கு எவ்வளவு கனமாகத் தெரியும் என்பதைக் குறிக்கும் அளவு ஸ்விங் வெயிட். தலையில் இரண்டு கிராம் கூடினால் அந்த அளவில் ஏறக்குறைய ஒரு படி ஏறும். டி2 என்றிருந்தது டி3 ஆகும். அது கைக்குத் தெரிவதே கஷ்டம். பத்து கிராம் ஊற்றினால் யார் கைக்கும் தெரியும். பசையை இளக்கி, நீண்ட குழாய் வழியாகத் தலையின் அடிப்பாகத்தில், முகப்பிலிருந்து விலகிய பின்பக்கத்தில் விழும்படி விட்டேன். முகப்பின் உட்புறத்தில் பசை அப்பினால் ஓசை செத்துப்போகும். தலையை வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டு பழைய கட்டியையும் அதே இடத்துக்குச் சரியவிட்டு, இரண்டும் ஒன்றாக இறுகும்வரை அசையாமல் நிறுத்திவைத்தேன்.

மறுபடி ஒட்டும் வேலையில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான், முந்தையவர் விட்ட பசையை நாமும் விடக் கூடாது. ஷாஃப்ட்டின் நுனித் துளையில் சிறு ஸ்பாஞ்சுத் துண்டை அடைத்துவிட்டால் பசை மேலே ஏறாது. கழுத்தின் உட்சுவரில் மெல்லிய பூச்சு, ஷாஃப்ட் நுனியில் மெல்லிய பூச்சு, அவ்வளவு போதும். பழைய பசையைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, ஷாஃப்ட் நுனியை மணற்தாளால் மெதுவாகச் சொரசொரப்பாக்கி, ஆல்கஹாலால் துடைத்த பிறகு ஒட்டினேன். ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்ஸி வேண்டாம். கோல்ஃப் ஷாஃப்ட்டுக்கென்றே வரும் இரண்டு கலவை எபாக்ஸியை வைத்து, 24 மணி நேரம் தொடாமல் விட்டேன்.

திருகு வைத்த நவீன டிரைவர் வைத்திருப்பவர்கள் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அவர்களுடைய கிலுகிலுப்பில் பாதி, சரியாக முறுக்காத திருகுதான். மட்டையோடு வரும் டார்க் ரெஞ்ச் என்ற முறுக்கும் சாவி பெரும்பாலும் 40 இஞ்ச்-பவுண்டு, அதாவது 4.5 நியூட்டன் மீட்டர் அளவில் 'க்ளிக்' என்று விடுபடும்படி அமைக்கப்பட்டிருக்கும். அந்தச் சத்தம் வரும்வரை முறுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். தலையின் எடையை மாற்றியமைக்க உதவும் எடைத் திருகுகளையும் மறக்காதீர்கள். அப்படியும் சத்தம் நிற்காவிட்டால், எடைத் திருகைக் கழற்றி அந்தத் துளை தலையின் உட்பகுதிவரை திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் அதிர்ஷ்டம், ஷாஃப்ட்டைத் தொடாமலேயே துணுக்கை உறிஞ்சிவிடலாம். அடி மூடிய துளை என்றால் தயாரித்த நிறுவனத்திடம் அனுப்புங்கள். துளை போடும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம்.

மிகப் பழைய உலோக 'உட்' (wood; முன்பு மரத்தால் செய்யப்பட்டதால் வந்த பெயர்) வகைகள் தனி உலகம். டெய்லர்மேட் நிறுவனம் 1979-இல் தன் முதல் எஃகு டிரைவரைக் கொண்டுவந்த பிறகு, மரத்தலைகளின் ஓசைக்குப் பழகிய காதுகளுக்காகப் பல தலைகளுக்குள் நுரையை நிரப்பி விற்றார்கள். அந்த நுரை இன்று பொடிப்பொடியாக உதிர்கிறது. அதன் சத்தம் மணலை ஆட்டுவது போலச் சலசலக்கும். அதை எடுக்கவும் வேண்டாம், அடக்கவும் வேண்டாம்; அப்படிப்பட்ட மட்டையை வாங்குபவர் ஆடுவதற்காக வாங்குவதில்லை.

பெரியவரோடு அடுத்த முறை ஆடப் போனபோது டிரைவரைக் காதருகே கொண்டுபோய் ஆட்டிக் காட்டினேன். "நல்லது. இனி பந்தை நேராக அடிக்கவும் கற்றுக்கொள்" என்றார்.

இப்போதெல்லாம் பழைய மட்டையைப் பார்க்கும்போது ஃபெரூலைத்தான் முதலில் பார்க்கிறேன். அது துருத்திக்கொண்டிருந்து, உள்ளே வறண்ட லேசான 'டிக்' கேட்டால், பேரம் பேசி வாங்கிவிடுவேன். ஃபெரூல் தொழிற்சாலையில் பொருத்தியது போல வழுவழுப்பாக இருந்து, முகப்பைத் தட்டும்போது கரகரத்து, உள்ளே கனமாக ஏதோ உருண்டால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். விற்பவர் மட்டையை ஆட்டிப் பார்க்கவே விடவில்லை என்றாலும் அதே பதில்தான்.